மலாயா மாமாவின் தகரப்பெட்டி

சிவகங்கையிலிருந்து:

மாமா மலாயாவுக்குப் போனார், நேதாஜி படையில் சேர்ந்தார், பர்மா வரை போய் உயிரோடு திரும்பினார், கல்யாணம் கட்டிக்கொள்ளாமல் அக்கா பிள்ளைகள் ஐந்து பேரை ஆளாக்கினார். வீட்டில் எல்லோரும் சொல்வது இவ்வளவுதான். புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கம் இதையே சொல்லும் குடும்பங்கள் நிறைய உண்டு. எந்த வருஷம் கப்பல் ஏறினார், எந்தத் தோட்டம், படையில் என்ன வேலை, எந்த வழியாகத் திரும்பினார் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். மாமா 1991இல் காலமானார். அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்த காலத்தில் யாரும் கேட்கவில்லை.

இப்போது அவருடைய தகரப்பெட்டி கிடைத்திருக்கிறது. உள்ளே ஜப்பான்காரன் நோட்டு நான்கு. 12-8-2603 என்று தேதி போட்ட ரசீது ஒன்று. முப்பதுக்கு மேல் மணியார்டர் கூப்பன்கள். மலேசியாவின் சிவப்பு அடையாள அட்டை. பதினெட்டுப் பேர் வரிசையாக நிற்கும் குழுப்படம். ‘ஆசாத் ஹிந்த்’ (சுதந்திர இந்தியா) தபால்தலைகள் சில, புத்தம் புதிதாக. அக்காவுக்கு மாமா எழுதிய கடிதங்கள் ஒரு கட்டு.

இப்படிப்பட்ட மாமாக்களோடு பழகியவர்கள், அவர்கள் விட்டுப்போன தாள்களைப் பார்த்தவர்கள், எதை எப்படிப் படிக்க வேண்டும் என்று எழுதுங்கள். மருமக்கள் எல்லோரும் சேர்ந்து சிறு புத்தகமாகப் போட எண்ணம். அதில் ஊகம் எதுவும் உண்மைபோல வந்துவிடக்கூடாது.

ஈப்போவிலிருந்து:

கப்பலிலிருந்து தொடங்குங்கள் ஐயா. மாமா, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி மூலம் வந்தவரா, சொந்தச் செலவில் வந்தவரா என்பதைக் கடிதங்களில் தேடுங்கள். கங்காணி அழைத்து வந்திருந்தால் 1938 ஜூன் 15க்கு முந்தைய பயணம்தான். அன்றோடு, உதவிப் பணத்தில் மலாயாவுக்குத் தொழிலாளர் போவதை இந்திய அரசு நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு வந்தவர்கள் டிக்கெட் எடுத்து வந்தவர்கள், அல்லது ஏற்கெனவே இங்கு இருந்த உறவினர் காசு அனுப்பி வரவழைத்தவர்கள்.

‘ராஜுலா கப்பல்’ என்று கடிதத்தில் இருந்தால் 1926க்குப் பிந்தையது என்பதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது. அந்தக் கப்பல் எழுபதுகளின் தொடக்கம் வரை ஓடியது. ஆனால் ஊர்ப் பெயர்கள் உதவும். மலாயாவுக்குப் போகும் தொழிலாளர் முகாம்கள் நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்தன. ‘மண்டபம் முகாம்’ என்று எழுதியிருந்தால் கவனம், அது இலங்கைக்குப் போகிறவர்களுக்கானது. ஒரே குடும்பத்தில் ஒருவர் கண்டிச் சீமைக்கும் ஒருவர் மலாயாவுக்கும் போயிருப்பார்கள். இரண்டு பேர் கதையும் காலப்போக்கில் ஒருவர் கதையாகிவிடும். பினாங்கில் இறங்கியவர்கள் பலர் முதலில் ஜெரஜாக் தீவில் தொற்றுத் தடுப்பு முகாமில் வைக்கப்பட்டார்கள். மாமா ‘தீவில் கிடந்தோம்’ என்று எழுதியிருந்தால் அதைச் சிறைவாசம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது தோட்டத்தின் பெயர். இங்கே பெரும்பாலான தோட்டங்களுக்கு இரண்டு பெயர். கம்பெனிப் பதிவில் ஒன்று, நம்மவர் வாயில் ஒன்று. நம்மவர் பெயரை வைத்துக்கொண்டு ஆவணத்தில் தேடினால் கிடைக்காது. பக்கத்து ஊரைப் பிடியுங்கள், தபால் முத்திரையில் இருக்கும். பிறகு அந்த வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளியிலோ கோயிலிலோ பழைய ஆட்களிடம் விசாரித்தால் தோட்டத்தை அடையாளம் காட்டுவார்கள்.

அவர் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதினார்கள் என்பது பெரிய சிக்கல். கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள் அவை. முனியாண்டி என்ற ஒரே பெயர் நான்கைந்து விதமாக வரும். அப்பா பெயரையும் சேர்த்துத் தேடுங்கள், இரண்டையும் எல்லா எழுத்துக்கூட்டலிலும் போட்டுப் பாருங்கள். மாமாவின் அட்டையில் இருக்கும் எழுத்துக்கூட்டலைத் தனித்தாளில் குறித்து வையுங்கள். ஒருமுறை அட்டை கிடைத்துவிட்டால் அதன் பிறகு அந்தப் பெயரில்தான் மற்ற காகிதங்களும் இருக்கும்.

கடிதத்தில் ‘பெரட்டு’ என்றால் விடியலில் ஆள் கணக்கு எடுப்பது. ‘மங்கு’ ரப்பர்ப் பால் பிடிக்கும் கிண்ணம். ‘ஒட்டுப்பால்’ வெட்டிலும் கிண்ணத்திலும் காய்ந்து ஒட்டிக்கிடப்பது. ஊரில் இருப்பவர்கள் படிக்கும்போது இந்தச் சொற்களை எழுத்துப்பிழை என்று திருத்திவிடுகிறார்கள். அப்படியே விடுங்கள். மாமா எந்த வேலையில் இருந்தார் என்பதை அந்தச் சொற்கள்தான் சொல்லும்.

சிரம்பானிலிருந்து:

ரசீதின் தேதி தவறாக அச்சானதல்ல. ஜப்பானியர் ஆண்ட காலத்தில் அவர்களுடைய பேரரசு ஆண்டுக்கணக்கு இங்கே நடப்பில் இருந்தது. 660ஐக் கழித்தால் நம் கணக்கு வரும். 2602 என்றால் 1942, 2605 என்றால் 1945. ஆகவே அந்த ரசீது 1943 ஆகஸ்ட் 12. நேதாஜி சிங்கப்பூருக்கு வந்தது 1943 ஜூலை 2, கிழக்காசிய இந்தியர்களின் அமைப்பான இந்திய சுதந்திர லீக்கின் தலைமையை ஏற்றது ஜூலை 4. அந்த ஜூலை மாதமே ஆளும் பணமும் நகையும் கேட்டு மலாயா முழுக்கக் கூட்டங்கள் நடக்கத் தொடங்கிவிட்டன. ரசீதில் இந்திய சுதந்திர லீக் என்றும் ஒரு கிளையின் பெயரும் இருந்தால், அந்த நாளில் மாமா எந்த ஊரில் இருந்தார் என்பதற்கு அது உறுதியான சாட்சி. ஆனால் பணம் கொடுத்ததற்கு மட்டுமே சாட்சி, படையில் சேர்ந்ததற்கு அல்ல. லீக் உறுப்பினர் வேறு, படை வீரர் வேறு. இந்த இரண்டையும் நிறையப் பேர் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

இன்னொன்று. அந்தக் காலத்தில் கடிகாரமும் டோக்கியோ நேரத்துக்கு மாற்றப்பட்டது, மலாயா நேரத்தைவிட ஒன்றரை மணி முன்னால். ‘ஏழு மணிக்கும் விடியவில்லை’ என்று மாமா சொல்லியிருந்தால் மறதி என்று தள்ளாதீர்கள். பழைய கணக்கில் அது காலை ஐந்தரை.

சிங்கப்பூரிலிருந்து:

நோட்டுகளை முதலில் பாருங்கள். பெட்டியில் இருப்பவற்றில் அதிகம் பேசக்கூடியவை அவைதான்.

ஜப்பானியர் பிடித்த ஒவ்வொரு நாட்டுக்கும் தனி நோட்டு அடித்தார்கள். எல்லாவற்றிலும் ‘ஜப்பானிய அரசு’ என்று ஆங்கிலத்தில் இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் தெரியும். நல்ல வெளிச்சத்தில், பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு, சிவப்பிலோ கறுப்பிலோ அச்சடித்த பெரிய எழுத்தைத் தேடுங்கள். முதல் எழுத்து ‘எம்’ என்றால் மலாயாவுக்கானது, தொகை டாலரிலும் சென்டிலும் இருக்கும். வாழைமரம் போட்ட பத்து டாலர் நோட்டுதான் அதில் பிரபலம். முதல் எழுத்து ‘பி’ என்றால் பர்மாவுக்கானது, தொகை ரூபாயில் இருக்கும். சிறு தொகைகளுக்கு அங்கே சென்ட், கால் ரூபாய், அரை ரூபாய் என்றும் நோட்டு உண்டு.

தோட்டத்து மாமாவின் பெட்டியில் ‘எம்’ நோட்டு இருப்பது இயல்பு. ‘பி’ நோட்டு இருந்தால் நிமிர்ந்து உட்காருங்கள். பர்மாவில் மட்டும் செல்லுபடியான நோட்டு அது, மலாயாவில் அதை வைத்து ஒரு பிடி மரவள்ளிக்கிழங்குகூட வாங்க முடியாது. ஆனால் இதையே முழுச் சாட்சியாக எடுக்க முடியாது. ஜப்பான் நோட்டுகள் பிற்காலத்தில் பழம்பொருள் கடைகளில் கட்டுக்கட்டாக விற்றன. வேறுபாட்டை மடிப்பில் பாருங்கள். கடையில் வாங்கியது விறைப்பாக இருக்கும். ஆள் கையில் புழங்கியது நான்காக எட்டாக மடிந்து, மடிப்புக்கோட்டில் மை உதிர்ந்து, வியர்வைக் கறையோடு துணிபோலத் துவண்டிருக்கும். எண்ணையும் பாருங்கள். தொடக்கத்தில் அடித்த நோட்டுகளில் வரிசை எண் உண்டு. பிறகு பணம் பெருகி மதிப்பு சரிந்தபோது வெறும் எழுத்து மட்டும் போட்டு அடித்தார்கள்.

தபால்தலைகளைப் பற்றி ஒரு கசப்பான செய்தி. ஆசாத் ஹிந்த் தலைகள் ஜெர்மனியில் அச்சானவை. எந்த அஞ்சலகத்திலும் விற்பனைக்கு வந்ததில்லை, எந்தக் கடிதத்திலும் ஒட்டப்பட்டதில்லை. போர்க்காலத்தில் மாமாவின் கைக்கு அவை வந்திருக்க வழியே இல்லை என்று சொல்லலாம். பிறகு வாங்கியிருப்பார், அல்லது யாராவது கொடுத்திருப்பார்கள். அதனால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முதிய வயதில் காசு கொடுத்து வாங்கிப் பெட்டியில் பத்திரப்படுத்தினார் என்றால் அதுவும் அவரைப் பற்றிய செய்திதான். புத்தகத்தில் ‘பின்னாளில் சேர்த்தது’ என்று போடுங்கள். பதக்கங்களுக்கும் இதே எச்சரிக்கை. ஆசாத் ஹிந்த் பதக்கங்கள் வியன்னாவில் செய்யப்பட்டவை, போருக்குப் பின் அதே மாதிரியில் நகல்கள் நிறைய வந்தன. தோட்டத்திலிருந்து போன சிப்பாய் ஒருவரிடம் அசல் இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

கோலாலம்பூரிலிருந்து:

படைப்பிரிவைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நேதாஜி படையில் இரண்டு வகை ஆட்கள். பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்து, 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தபோது கைதாகி, பிறகு இந்தப் பக்கம் வந்தவர்கள் ஒரு வகை. அவர்களுக்குப் பழைய ரெஜிமெண்டில் படை எண் இருக்கும், அதை வைத்துத் தேடலாம். தோட்டத்திலிருந்தும் கடைத்தெருவிலிருந்தும் நேராகச் சேர்ந்தவர்கள் இன்னொரு வகை, அவர்களில் பெரும்பான்மை தமிழர். அதற்கு முன் துப்பாக்கியைத் தொட்டிராதவர்கள். சிங்கப்பூரில் செலேத்தார், இங்கே சிரம்பான், கோலாலம்பூர் என்று பயிற்சி முகாம்கள் இருந்தன. ஆயுதம் பெரும்பாலும் பிரிட்டிஷாரிடம் பிடித்ததுதான். கட்டளைச் சொற்கள் இந்துஸ்தானியில். தமிழ் மட்டும் தெரிந்த பையன்கள் அர்த்தம் புரிவதற்கு முன்பே ஓசையை வைத்து அவற்றைக் கற்றுக்கொண்டார்கள். இந்தி படிக்காத மாமா ஒருவர் எண்பது வயதில் இந்துஸ்தானியில் எண் சொல்லி நடந்தார் என்றால், எந்தச் சான்றிதழையும்விட அதை அதிகம் நம்புவேன்.

பெண்களும் போனார்கள் என்பதை மறக்க வேண்டாம். ஜான்சி ராணிப் படையின் முகாம் 1943 அக்டோபர் 22இல் சிங்கப்பூர் வாட்டர்லூ சாலையில் திறந்தது, தலைவி சென்னையில் மருத்துவம் படித்த கேப்டன் லட்சுமி. குழுப்படத்தில் பெண்கள் இருந்தால், அல்லது கடிதத்தில் ‘தங்கச்சி முகாமில் இருக்கிறாள்’ என்று வந்தால், அத்தைமார் பக்கமும் விசாரியுங்கள்.

வழியைக் கேட்டால் காலம் கிடைக்கும். முன்னதாகப் போன அணிகள் ரயிலில் சயாமின் (தாய்லாந்தின்) சும்போன் வரை போய், குறுக்கே மலை தாண்டி, மெர்குயி, தவாய் வழியாக நடந்து மௌல்மீன் சேர்ந்தன. ஜப்பானியர் பர்மாவுக்குப் போட்ட சயாம் ரயில் பாதை 1943 அக்டோபரில் இணைந்தது. அதில் ஏறி, பர்மா முனையான தன்பியூசயாட் போனேன் என்றால் அதற்குப் பிந்தைய பயணம். மௌல்மீனில் சால்வின் ஆற்றைப் படகில் கடந்து மர்த்தபான் போய், மறுபடி ரயில் பிடித்து ரங்கூன் போக வேண்டும். பாலங்கள் விமானத் தாக்குதலில் உடைந்துகொண்டே இருந்தன, பகலில் ரயில் ஓடாது. ‘ராத்திரியில் ரயில், பகலில் காட்டில் படுக்கை’ என்று சொன்ன மாமாக்கள் உண்மையைத்தான் சொன்னார்கள்.

பர்மாவுக்குப் போன எல்லோரும் இம்பால் போர்முனைக்குப் போகவில்லை. புத்தகம் எழுதும்போது பெரும்பாலோர் சறுக்கும் இடம் இது. ரங்கூனில் மருத்துவமனை, சாமான் கிடங்கு, காவல், வண்டி ஓட்டுவது என்று நிறைய வேலை இருந்தது. மலாயாவை விட்டே போகாமல், பயிற்சியிலேயே போர் முடிந்துவிட்ட வீரர்களும் ஏராளம். அவர்கள் யாரும் குறைந்தவர்கள் இல்லை. முன்னணிக்குப் போனவர் என்றால் சிந்த்வின் ஆறு, தாமு, கபாவ் பள்ளத்தாக்கு, பாலேல் என்ற பெயர்களில் ஒன்றாவது வாயில் வரும். 1944 ஏப்ரல் 14இல் மணிப்பூரின் மொய்ராங்கில் நேதாஜி படை கொடி ஏற்றியது பலருக்கும் தெரியும், ஆகவே அதை மட்டும் வைத்து முடிவுகட்ட வேண்டாம். மழை தொடங்கியதும் என்ன நடந்தது என்று கேட்டால்தான் போனவரா இல்லையா என்று தெரியும். அரிசி வரும் பாதை அடைபட்டது. மலேரியாவும் சீதபேதியும் குண்டைவிட அதிகம் பேரைக் கொண்டுபோயின. நடக்க முடியாதவர்களை விட்டுவிட்டு வர வேண்டியிருந்தது. இதைப் பற்றி மாமாக்கள் பேசமாட்டார்கள். தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கமாட்டார்கள், மழை பிடித்துக்கொண்டால் எழுந்து நடந்துகொண்டே இருப்பார்கள்.

1945இல் போனவர்களுக்கு இர்ராவதி ஆற்றங்கரை, ஞாவுங்கு, பகான், போப்பா மலை என்று வேறு பெயர்கள் வரும். அது வேறு கட்டம். இரண்டையும் ஒரே அத்தியாயத்தில் போடாதீர்கள்.

குழுப்படத்தின் கீழ் மூலையில் ஸ்டூடியோ முத்திரை புடைப்பாக இருக்கலாம். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் தெரியும். ஊர் பெயர் கிடைத்தால் முகாமும் கிடைக்கும்.

தைப்பிங்கிலிருந்து:

மேலே எழுதியவர் சயாம் ரயிலைத் தொட்டதால் ஒன்று சேர்க்கிறேன். ‘மாமா பர்மா போனார்’ என்ற நினைவுகளில் ஒரு பகுதி உண்மையில் ‘மரண ரயில்’ எனப்பட்ட அந்தப் பாதையைப் போடப் பிடித்துச் செல்லப்பட்டவர்களுடையது. பான் போங்கிலிருந்து தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர், ஏறக்குறைய ஓராண்டில் போட்டு முடித்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் ஆயிரமாயிரமாக அங்கே மடிந்தார்கள், பெரும்பாலும் காலராவிலும் பட்டினியிலும். சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்தே படையில் சேர்ந்தவர்களும் உண்டு. அதை வீட்டார் மறைக்க வேண்டியதில்லை.

எப்படிப் பிரித்தறிவது? ரயில் வேலைக்குப் போனவர் மூங்கில் கொட்டகை, மண் சுமப்பது, கட்டை அடுக்குவது, ஆற்றோரத்தில் பிணம் எரிப்பது என்று பேசுவார். படைக்குப் போனவர் முகாம், டூட்டி, மார்ச், ‘ஜெய் ஹிந்த்’ என்று பேசுவார். இரண்டிலும் இருந்தவர்களும் இருக்கிறார்கள். ரயில் வேலையில் செத்த நம்மவர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறை கிடையாது. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வரிசையாக இருப்பவை நேச நாட்டுப் போர்க்கைதிகளின் கல்லறைகள். திரும்பி வராத மாமாவை அங்கே தேடிப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். தம் ஆளின் பெயர் உள்ள ஒரு கல் இல்லாமல் மனமுடைந்து திரும்புகிறார்கள்.

மதுரையிலிருந்து:

திரும்பிய கதைக்கும் இரண்டு மூன்று வழி உண்டு. நேதாஜி 1945 ஏப்ரல் 24இல் ரங்கூனை விட்டுக் கிளம்பியபோது, ஊரில் ஒழுங்கு காக்க மேஜர் ஜெனரல் லோகநாதன் தலைமையில் ஆயிரக்கணக்கான வீரர்கள் அங்கேயே நிறுத்தப்பட்டார்கள். மே தொடக்கத்தில் பிரிட்டிஷார் வந்ததும் கைதானார்கள். ரங்கூன் சிறை, பிறகு வங்காளத்தில் ஜிகர்கச்சா, நீல்கஞ்ச் முகாம்கள் என்று கொண்டுவரப்பட்டவர்கள் பலர். விசாரித்து, யார் எவ்வளவு விசுவாசம் என்று எடைபோட்டு, வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று தரம் பிரித்தார்கள். இந்தத் தரம் முக்கியமாகப் பழைய பிரிட்டிஷ் படை ஆட்களுக்கு. தோட்டத்திலிருந்து சேர்ந்தவர்களைச் சில காலம் வைத்திருந்து விட்டுவிட்டார்கள். அதனால்தான் அவர்களுக்குக் காகிதம் குறைவு. மலாயாவில் இருந்தவர்கள் சீருடையைப் புதைத்துவிட்டுத் தோட்டத்துக்கே திரும்பினார்கள். காகிதம் இல்லை என்பதால் பொய் என்று சொல்லிவிட முடியாது.

பென்ஷன் பற்றி. மத்திய அரசின் தியாகிகள் பென்ஷன் 1972 ஆகஸ்ட் 15இல் வந்தது, அப்போது வருமான வரம்பு இருந்தது. 1980இல் வரம்பை நீக்கி, பெயரையும் மாற்றி விரிவாக்கினார்கள். ஐஎன்ஏ எனும் நேதாஜி படை வீரர்களுக்கும் பொருந்தும், ஆனால் பொதுவாகக் குறைந்தது ஆறு மாதச் சிறை அல்லது காவல் காட்ட வேண்டும். இங்கேதான் மலாயா மாமாக்கள் தோற்றார்கள். எந்த முகாமில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று எழுதிய தாள் அவர்களிடம் இல்லை. உடன் சிறையில் இருந்தவரின் சான்று வாங்கலாம் என்றால், அந்த ஆள் ஈப்போவில் இருப்பார், அல்லது உயிரோடு இருக்கமாட்டார்.

இன்னொரு கதவும் மூடியே இருக்கிறது. தியாகி இறந்த பிறகு உரிமை மனைவிக்கும், மணமாகாத மகளுக்கும், பெற்றோருக்கும்தான். அக்கா பிள்ளைகளுக்கு இல்லை. கல்யாணம் கட்டாமல் மருமக்களை வளர்த்த மனிதருக்கு அரசுக் கணக்கில் வாரிசு கிடையாது. பணத்தை எதிர்பார்த்து யாரிடமும் ஏமாறாதீர்கள். ‘முடித்துத் தருகிறேன்’ என்று வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மாமா உயிரோடு இருந்தபோது விண்ணப்பித்திருந்தால் அந்தக் கோப்புதான் தங்கம். கலெக்டர் அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். பெயர், தகப்பனார் பெயர், ஊர், விண்ணப்பித்த உத்தேச ஆண்டு நான்கும் வேண்டும். நிராகரித்த கோப்பாக இருந்தாலும் அவர் கைப்பட எழுதிய சேவை விவரம் அதற்குள் இருக்கும். டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் ஐஎன்ஏ கோப்புகள் உண்டு, அதன் ‘அபிலேக் படல்’ இணையதளத்தில் தலைப்பு தேடலாம். 2016இல் வெளியிட்ட நேதாஜி கோப்புகளில் நாளைச் செலவழிக்காதீர்கள், அவை பெரும்பாலும் அவருடைய மறைவைச் சுற்றியவை. சாதாரணச் சிப்பாயின் பெயர் அங்கே கிடைக்காது.

பினாங்கிலிருந்து:

எல்லோரும் படையைப் பற்றியே எழுதுகிறீர்கள். முப்பது மணியார்டர் கூப்பன் இருக்கிறதே, அதைப் பாருங்கள். அவர் படையில் இருந்தது இரண்டு வருஷம். மாமாவாக இருந்தது வாழ்நாள் முழுவதும்.

கூப்பன்களைத் தேதி வரிசையில் அடுக்குங்கள். முத்திரை மங்கியிருந்தால் செல்போனில் படம் எடுத்து நிறத்தைக் கூட்டிப் பாருங்கள். ஒரு தாளில் தேதி, தொகை, இரண்டு வரிச் செய்தி என மூன்று பத்தி போடுங்கள். 1942 முதல் 1945 வரை எதுவும் இருக்காது, மலாயாவுக்கும் இந்தியாவுக்கும் அந்த மூன்றரை வருஷம் தபால் கிடையாது. செத்துவிட்டார் என்று திவசம் கொடுத்த வீடுகள்கூட இருந்தன. போருக்குப் பிறகு வந்த முதல் கூப்பன் எது என்று பாருங்கள். அக்காவுக்கு உயிர் திரும்பி வந்த நாள் அது.

பிறகு தொகை எப்போது கூடியது என்று கவனியுங்கள். சாதாரண மாதத்தில் ஒரே தொகை வரும். திடீரென இரட்டிப்பானால் அந்த வருஷத்தில் காது குத்தோ, சடங்கோ, பள்ளியில் சேர்த்ததோ இருக்கும். மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும், மாமன் சீர் வராமல் எதுவும் நடக்காது. கடல் தாண்டி இருந்த மாமா அதைப் பணமாகவும் துணியாகவும் அனுப்பினார். அவர் அனுப்பிய வேட்டியை மடியாக விரித்துப் பிள்ளையை அதில் உட்கார வைத்த வீட்டைப் பற்றிக் கேட்டதுண்டு. உங்கள் அம்மாமார், பெரியம்மாமாரிடம் ஒவ்வொரு தேதியையும் சொல்லிக் கேளுங்கள். ‘எப்போது’ என்று கேட்டால் தெரியாது என்பார்கள். ‘பெரியவனுக்குக் காது குத்தினதுக்கு முன்னாலா பின்னாலா’ என்று கேட்டால் சொல்வார்கள்.

சிவப்பு அட்டை என்றால் இங்கே நிரந்தரவாசி, குடியுரிமை இல்லாதவர். 1969க்குப் பிறகு அவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. பெர்மிட் கிடைக்காமல் நிறையத் தமிழர்கள் ஊர் திரும்பினார்கள். கூப்பன்கள் 1970 வாக்கில் நின்றிருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். பெயர் சொல்லி அழைக்கக்கூட ஆள் இல்லாத ஊருக்குப் பெட்டியோடு வந்து இறங்கி, அக்கா வீட்டுத் திண்ணையில் மிச்ச வாழ்நாளைக் கழித்தவர்கள் அவர்கள். அந்தப் பகுதிக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்குங்கள் தம்பி.

சென்னையிலிருந்து:

புத்தகம் போடுவதற்கு முன் தாள்களைக் காப்பாற்றுங்கள். லேமினேட் செய்யவே கூடாது. சூடும் பசையும் தாளுக்குள் இறங்கிவிடும், பிறகு பிரிக்க முடியாது. கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், பத்து வருஷத்தில் மஞ்சளாகி எழுத்தையும் அரித்துவிடும். துருப்பிடித்த குண்டூசி, ஸ்டேப்பிளர் பின்களை மெல்ல எடுங்கள். இழுத்தால் துரு படிந்த இடம் கிழியும். பின்னின் இருபுறமும் மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகிக்கொண்டு, கம்பியை நிமிர்த்தி உருவ வேண்டும்.

படம் ஆல்பத்தில் ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம். பல் இடுக்கு நூலைப் படத்தின் அடியில் விட்டு அறுப்பதுபோல நகர்த்துங்கள். வரவில்லையென்றால் பக்கத்தோடு சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். 600 டிபிஐ, முன்னும் பின்னும், டிஃப் வடிவில். நோட்டும் கூப்பனும் வெற்று என்று நினைக்கும் பின்பக்கத்தையும் விடாதீர்கள். கடன் கணக்கு, ஊர் பெயர், ஆள் பெயர் எல்லாம் அங்கேதான் பென்சிலில் இருக்கும். ஆட்களின் பெயர் தெரிந்தால் படத்தின் பின்னால் ஓரத்தில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள், பேனா வேண்டாம்.

செய்தித்தாளில் சுற்றி வைப்பதை நிறுத்துங்கள், அதிலுள்ள அமிலம் பக்கத்துத் தாளையும் பழுப்பாக்கும். அமிலம் இல்லாத வெள்ளைத்தாள் கிடைக்கிறது. தகரப்பெட்டிக்குள் மழைக்காலத்தில் வியர்க்கும், ஆகவே பெட்டியைத் தனியாக வைத்து, தாள்களை அட்டைப்பெட்டிக்கு மாற்றுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய பீரோ வேண்டாம். அந்துருண்டையும் தாளின்மேல் படக்கூடாது.

பெரியவர்கள் பேச்சைப் பதிவு செய்யும்போது ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம் போதும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். போனைத் துணியின்மேல் வையுங்கள். பதிவை இரண்டு வேறு இடங்களில் சேமித்த பிறகே அடுத்த நாள் போங்கள்.

சிவகங்கையிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. நோட்டுகளைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தாயிற்று. மூன்று ‘எம்’. ஒன்று ‘பி’, ஒரு ரூபாய், எட்டாக மடித்தது, நடு மடிப்பில் ஓட்டை விழுந்திருக்கிறது. ரசீதில் லீக்கின் ஈப்போக் கிளை முத்திரை தெரிகிறது.

போருக்குப் பிந்தைய முதல் கூப்பன் 1946 ஜூன், பத்து ரூபாய். செய்திப் பகுதியில் மாமா கையெழுத்து: ‘நான் சுகம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பு.’ பெரியம்மாவுக்கு இப்போது எண்பத்தெட்டு வயது. படித்துக் காட்டியதும், அந்தப் பத்து ரூபாயில் வாங்கிய சிலேட்டின் சட்டம் என்ன நிறம் என்று சொன்னார். நாளை காலை பதிவு செய்யப் போகிறோம். குழுப்படத்தை முன்னும் பின்னுமாக ஸ்கேன் செய்து இங்கே போடுகிறேன். கீழ் மூலையில் ஏதோ புடைப்பாகத் தெரிகிறது, முதல் எழுத்து ‘சி’ போல இருக்கிறது. சிரம்பான்காரர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.